ஆறு புளியங்கொட்டை

கீழ்மங்கலம் ஜமீன்தாருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். ஒரு நாள் ரசம் சாப்பிட்டு வயிறு வலித்ததும், சமையல்கட்டில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்த மாடத்தியை இழுத்துவரச் சொன்னார்.

"விஷம் வச்சியா? இல்லேன்னு காட்டு. முடியலேன்னா சிறைதான்."

ஆஸ்தான பண்டிதர் வேதாசலம் கனைத்துக்கொண்டார். "நான் கண்டுபிடிச்சுத் தர்றேன். விஷம் வைக்கிறவளுக்கு அதோட பேரெல்லாம் அத்துப்படியா இருக்கும். தெரிஞ்சதைச் சொல்லுடி."

"விஷம்னு ஒண்ணுதான் சாமி தெரியும்." மாடத்தி மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள். "ஏன் சாமி, வேற பேரும் இருக்கா?"

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. "இல்லாமலா? நஞ்சு, நம்ம தமிழ். விஷம், வடமொழி. அதுவே கப்பலேறிப் போய் மலாயில பிசா ஆச்சு. அதுக்குக் கூடப்பிறந்ததுதான் லத்தீன்ல வீருஸ், கிரேக்கத்துல இயோஸ். பாரசீகத்து ஜஹர் மட்டும் வேற வம்சம்!"

பேருக்கு ஒன்றாகப் பண்டிதர் முன்னால் கொட்டை விழுந்துகொண்டே இருந்தது.

"எசமான், எனக்கு ஒண்ணு, சாமிக்கு ஆறு. நீங்களே எண்ணிக்குங்க."

ஜமீன்தார் எண்ணவில்லை. நாற்காலியைப் பண்டிதரிடமிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜமீன்தார் சாப்பிடும் முன் முதல் கவளம் பண்டிதர் வாய்க்குத்தான். மாடத்தியும் மறக்காமல், பேருக்கு ஒன்றாக ஆறு மிளகாய் கூடுதலாக அரைத்தாள்.