விராலோட கொழகொழச் சட்டை

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சாம். அதுக்குள்ள ஒரு விரால் மீன். விழுந்த புழு பூச்சியெல்லாம் தின்னு தண்ணியைச் சுத்தமா வச்சிருக்கும். தெருவே அங்கதான் குடிதண்ணி இறைக்கும். ம் கொட்டு. ஆங்.

அந்தக் கிணறு இருந்த வீட்டுக்குப் புது மருமகளா வந்தா பவுனாயி. “விருந்தாளுங்க வராங்க, எல்லாத்தையும் வெளக்கி வை”ன்னா மாமியார். பவுனாயி அண்டாவைத் தேய்ச்சா, குண்டானைத் தேய்ச்சா, அப்புறம் தண்ணி இறைச்சா. தொளுக்! வாளிக்குள்ள விரால்! தொட்டா கையில கொழகொழன்னு இழுபடுது.

“ஐயே, இந்தச் சளியோடயா குடிக்கிற தண்ணியில கிடக்க?”

அவ அம்மா குழம்புக்கு விரால் அறுக்குறப்போ சாம்பல் போட்டுத் தேய்ப்பா. இவ உயிரோட இருந்ததையே தேய்ச்சா. சரக்... சரக்... மீன் துடிச்சுது. “இரு, அழகாயிருவ”ன்னு பளபளன்னு ஆக்கிக் கிணத்துல விட்டா.

ரெண்டொரு நாள்ல விரால் மேல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளை வெள்ளையாப் புண்ணு. மாமியார் எட்டிப் பாத்தா.

“யாரு கை பட்டுச்சு?”

பவுனாயி சட்டுன்னு சொன்னா, “தவளை கடிச்சிருக்கும் அத்தை.”

அப்போ தவளையெல்லாம் அள்ளி வெயில்ல வீசுனாங்க. அப்புறம் அவ தண்ணிக்குக் குனிஞ்சா, விரால் மேல வந்து, “புளுக்... சொல்லிட்டியா?”ன்னுச்சு. அவ காதுக்கு மட்டும் கேட்டுச்சு. வாளியை விட்டுட்டு ஓடிட்டா.

மீன் தேறல. மாமியார் மறுபடி கேட்டா.

“காக்கா கொத்தியிருக்கும் அத்தை.”

அப்போ மரத்துல இருந்த காக்காக் கூட்டைக் கலைச்சாங்க. தாய்க்காக்கா கா... கா...ன்னு சுத்திச் சுத்தி வந்துச்சு. பவுனாயி காதைப் பொத்திக்கிட்டா.

“புளுக்... சொல்லிட்டியா?”

“நான் அழுக்கைத்தானே எடுத்தேன்?”

“அது அழுக்கில்ல தாயி, என் சட்டை. தண்ணியில கண்ணுக்குத் தெரியாத கிருமி எத்தனையோ திரியுது. என்னைத் தொட வந்தா அந்தக் கொழகொழப்புதான் பிடிச்சுக் கொல்லும். நீ உரிச்சுட்ட. அம்மணமா நிக்கறேன்.”

பவுனாயி மூஞ்சி தீயாட்டம் எரிஞ்சுது. ஆனாலும் மாமியார்கிட்ட சொல்லாமலே வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

மீன் செத்துருச்சான்னா கேக்கற? பொறு, சொல்றேன்.

மறுநாள் தெருப் பொம்பளைங்க குடத்தோட நிக்கறாங்க. பக்கத்து வீட்டு ஒச்சம்மாவும் நிக்கறா. யாரு வம்புக்கும் போகாதவ. “இவளா மீனைத் தொட்டது?”ன்னு ஒச்சம்மாவைக் காட்டிக் கேட்டா மாமியார். பவுனாயி ஆமான்னு தலையை ஆட்டிட்டா.

“நானா தாயி?” அவ்வளவுதான் கேட்டா ஒச்சம்மா.

“இனி என் கிணத்துப் பக்கம் வராத!”

ஒச்சம்மா வெறுங்குடத்தோட போயிட்டா. பவுனாயி கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா. விரால் அவளைப் பாத்துச்சு, ஒண்ணுமே கேக்கல. அதுதான் அவளால தாங்க முடியல.

“அத்தை, நான்தான்! சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்!”

“உயிரோட இருக்கறதை வெளக்குனியாடி? நல்லவேளை, என் மகனை விட்டு வச்ச!”

யாரும் சிரிக்கல. விராலை அள்ளி, லேசா உப்புப் போட்ட தண்ணியில விட்டாங்க. அப்புறம் மெல்ல மெல்லக் கொழகொழப்பு ஊறுச்சு, புண்ணு ஆறுச்சு.

பவுனாயி ஒச்சம்மா வாசல்ல போய், “தண்ணிக்கு வாங்கக்கா”ன்னா, அவளுக்கே கேக்காத குரல்ல.

ஒச்சம்மா நிமிரவேயில்ல. “பழியை நாலு பேரு முன்னாலதானே போட்ட? கூப்பிடறது மட்டும் குசுகுசுன்னா?”

அப்போ பவுனாயி நடுத்தெருவுக்கு வந்து நின்னா. ஒரு தடவை வாயைத் தொறந்தா, காத்துதான் வந்துச்சு. ரெண்டாந் தடவை அழுகை வந்துச்சு. மூணாந் தடவை தெருவே திரும்பிப் பாத்துச்சு:

“ஒச்சம்மாக்கா தொடவே இல்ல! நான்தான் பொய் சொன்னேன்! அக்கா, தண்ணிக்கு வாங்க!”

கதவெல்லாம் தொறந்துச்சு. எல்லாரும் அவளையே பாத்தாங்க. குனிஞ்ச தலையோட அவ நின்னுக்கிட்டே இருந்தா, ஒச்சம்மா இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு வெளிய வர்ற வரைக்கும்.

கதை கரையேறிருச்சு. கண்ணை மூடு, தங்கம்.