எண்பத்து நாலு நாள் நோய்

வார்டன் திலகவதிக்கு அன்று வந்தது நியாயமான கோபம். அப்படித்தான் அவர் நம்பினார்.

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிக்கு ஆறு வருடமாக அவர்தான் வார்டன். வேதியியல் பேராசிரியர், வயது ஐம்பத்து நாலு. மனசு குழம்பினால் தத்துவத் துறை அமுதவல்லியிடம் போவார். அமுதவல்லி எட்டு வயது இளையவர். ஆனாலும் வியாழக்கிழமை தோறும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து பாடம் கேட்பவர் திலகவதி. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மதியம் ஒரு கட்டுச் சீட்டும் ஓர் உத்தரவுமாகப் போய் நின்றார்.

"நல்லது செஞ்சதுக்கு எனக்குக் கெட்ட பேருமா" என்றார்.

விஷயம் இதுதான். இசக்கியம்மாள் என்று ஒரு மாணவி, தென்காசிப் பக்கத்துக்காரி, புள்ளியியல் முதல் வருடம். சக்கர நாற்காலியில் வந்தவள். கீழ்த்தளத்தில் அறை கொடுத்தாயிற்று. ஆனால் மெஸ் வாசலில் ஐந்து படி. முதல் நாள் நாலு பெண்கள் நாற்காலியோடு தூக்க வந்தார்கள். மூன்று வேளையும் என்னைச் சப்பரம் மாதிரித் தூக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

சரி, சாப்பாட்டை அறைக்கே அனுப்பலாம் என்றால், அந்த மெஸ்ஸை விட்டு ஒரு பருக்கை வெளியே போக ஒரே வழிதான் உண்டு. நோயாளி உணவுச் சீட்டு. காய்ச்சலில் படுத்த பெண்களுக்காக எப்போதோ ஏற்பட்டது. பெயர், நோய், எத்தனை நாளாக என்று மூன்று வரி. தினம் ஒரு சீட்டில் மாணவி கையெழுத்துப் போட்டு, வார்டனும் போட்டால், காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு ரொட்டியும் பாலும் தூக்குச் சட்டியில் வரும்.

எண்பத்து நாலு நாளாக இசக்கியம்மாள் அதைத்தான் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பின் வாசனை அவள் அறைவரை வரும், குழம்பு வராது. நோயாளிக்குக் காரம் ஆகாதாம். கால் நடக்காத பெண்ணுக்கு வயிறும் நடக்காது என்று எந்த மேதை முடிவு செய்தானோ தெரியவில்லை.

பொறுத்துப் பார்த்தாள். பிறகு துணைவேந்தருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டாள். 'எனக்கு எந்த நோயும் இல்லை. பசிக்கிறது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.'

கடிதம் மேலே போனதும் அலுவலகம் விழித்துக்கொண்டது. படியைப் பார்க்கவில்லை, சீட்டுகளைப் புரட்டியது. அறுபது நாளுக்கு மேல் நோயில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விடுதி விதியில் இருக்கிறதே என்று கண்டுபிடித்தது. திங்கட்கிழமைக்குள் அவள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஊரிலிருந்து தினமும் வந்துபோகிற தூரமில்லை. விடுதி போனால் படிப்பும் போயிற்று. உத்தரவில் திலகவதியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறா" என்றார் திலகவதி. "ஒரு நாள்கூட நான் சீட்டுப் போடத் தவறினதில்ல. அதுக்கு மேல நான் என்னம்மா செய்யணும்?"

அமுதவல்லி கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம். உங்க மெஸ்ஸுக்குப் போவோம்" என்றார்.

மெஸ்ஸுக்குப் பின்பக்கமாகத்தான் நடந்தார்கள். அரிசி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் தள்ளுவண்டியில் ஆறு மூட்டையை ஏற்றி, சிமெண்டுச் சரிவில் தள்ளி, நேரே சமையல்கட்டுக்குள் கொண்டுபோனான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அமுதவல்லி நின்றார். "இது எப்போ கட்டினது?"

"போன வருஷம். படியில மூட்டை சுமக்க மாட்டோம்னு லோடுமேன்கள் சொல்லிட்டாங்க. ஒரே வாரத்துல கட்டிட்டோம். அரிசி உள்ள போயாகணுமே."

"மூட்டைக்கு யாரு சீட்டு எழுதினா?"

திலகவதிக்குச் சுருக்கென்றது. இந்த வழியாக அவளை விடலாம்தான், ஆனால் சமையல்கட்டுக்குள் மாணவிகள் வரக்கூடாது என்று விதி இருக்கிறது என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

முன்வாசலுக்கு வந்தார்கள். உள்ளே இருநூறு தட்டின் சத்தம், சிரிப்பு, யாரோ அப்பளத்துக்குச் சண்டை போடும் சத்தம். எதிர் வராந்தாவில் இசக்கியம்மாள் மடியில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ரசம் சாதம் ஆறிப்போயிருந்தது. அமுதவல்லி அவளிடம் போய், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் அவள். "தெனமும் சீக்குன்னு பொய்க் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குச் சோறு. இப்ப அந்தப் பொய்யை வச்சே என்னைய வெளிய தள்ளுதாவ."

அவள் அழவில்லை. திலகவதியை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை என்று திலகவதிக்குத் தோன்றியது. அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியும்.

அமுதவல்லி திரும்பிவந்து மெஸ்ஸின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். திலகவதியின் கட்டைக் கேட்டு வாங்கினார். எண்பத்து நாலு சீட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் சீட்டில் 'நோய்' என்ற இடத்தில் 'கால்' என்று இருந்தது. அடுத்ததில் 'மேற்படி'. அதற்கடுத்ததிலும் மேற்படி. கடைசிவரை மேற்படிதான். எல்லாவற்றிலும் திலகவதியின் பச்சை மை.

"இதையெல்லாம் எப்போ கையெழுத்துப் போடுவீங்க?"

"காலையில டீ குடிக்கும்போது. மொத்தமாக் கொண்டுவந்து வைப்பாங்க."

கட்டின் அடியில் எழுதாத சீட்டு ஒன்று இருந்தது. அமுதவல்லி அதை எடுத்து முழங்காலில் வைத்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்து, காலி செய்யும் உத்தரவின் மேல் அதை வைத்து நீட்டினார். திலகவதி பழக்கதோஷத்தில் பேனா மூடியைக் கழற்றினார். கண் போகுமுன் கை கையெழுத்து இடத்துக்குப் போயிற்று.

அமுதவல்லி பேனாமுனைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தார். பச்சைப் புள்ளி ஒன்று அவர் கையில் விழுந்தது. கைக்கு மேலே மூன்று வரியும் தெரிந்தன.

பெயர்: மெஸ்.
நோய்: வாசலில் ஐந்து படி.
எத்தனை நாளாக: கட்டின நாளிலிருந்து.

"எண்பத்து நாலு தடவை வாசிக்காமப் போட்டீங்க" என்றார் அமுதவல்லி. "இதை வாசிச்சுட்டுப் போடுங்க."