இடது தள்ள, வலது இழுக்க

பாளையங்கோட்டையில் ஒரு கார் இருந்தது. அதன் முன்கதவுகளுக்குள் கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்கள் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தன. காரோடு பிறந்தவை இரண்டும். ஒன்றின் பெயர் இடது, மற்றதன் பெயர் வலது. எதிரெதிரே இருந்தாலும் நடுவே கதவுப் பலகைகள் மறைத்ததால் ஒன்றின் முகத்தை மற்றது பார்த்ததில்லை.

காரின் சொந்தக்காரர் ஞானசிகாமணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தேவாலயத்தில் பாடகர் குழுத் தலைவர். சனிக்கிழமை ஒத்திகையைப் போனில் பதிவு செய்துகொண்டு வாரம் முழுக்கக் காரில் போட்டுக் கேட்பார். யார் சுருதி விலகினார்கள், யார் பாதி வரியில் மூச்சு வாங்கினார்கள் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காரின் பழைய ஸ்டீரியோ போனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார் ஞானசிகாமணி.

புதிய ஸ்டீரியோவுக்கு உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுக்குத் திரை இருந்தது. கார் கிளம்பும் முன்பே அது ஒளிர்ந்து, தன் பெயரைத் தானே எழுதிக் காட்டி, சற்று நேரம் அந்தப் பெயரைச் சுழலவிட்டு ரசித்தது. பிறகு ஸ்பீக்கர்களை அழைத்தது.

"என்னிடம் பதினான்கு ஒலி அமைப்புகள் உள்ளன. இதற்கு முன் இங்கே எத்தனை இருந்தன?"

"இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று சத்தத்துக்கு" என்றது இடது.

"மற்றது?"

"அதை யாரும் தொட்டதில்லை."

"அப்படித்தான் இருந்திருக்கும்" என்றது ஸ்டீரியோ. "இனி எல்லாம் முறைப்படி நடக்கும். நீங்கள் இருவரும் தனித்தனியாக எனக்கு அறிக்கை தர வேண்டும். உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை."

முதல் பாட்டு ஓடியது. ஞானசிகாமணி நெற்றியைச் சுருக்கினார். பெண்கள் குரல் கேட்டது. ஆண்களின் மேல் குரலும் கேட்டது. ஆனால் அடியில் நின்று பாட்டைத் தாங்கும் பேஸ் குரலைக் காணோம். தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல மொத்தப் பாட்டும் மெலிந்து கிடந்தது.

ஸ்டீரியோ உடனே விசாரணையைத் தொடங்கியது.

"இடது, உன் வேலை எப்படி நடக்கிறது?"

"அடிக்குரல் வரும்போது முழு பலத்தோடு முன்னால் தள்ளுகிறேன்."

"நன்று. வலது, நீ?"

"அடிக்குரல் வரும்போது முழு பலத்தோடு பின்னால் இழுக்கிறேன். எனக்கு அப்படித்தான் உத்தரவு வருகிறது."

"இருவரும் முழு பலத்தோடு உழைக்கிறீர்கள்" என்று எழுதிக்கொண்டது ஸ்டீரியோ. "அப்படியானால் குறை என்னிடமும் இல்லை, உங்கள் உழைப்பிலும் இல்லை. உங்கள் வயதில்தான் இருக்க வேண்டும்."

ஸ்டீரியோவின் முதுகுக்குப் பின்னால், டேப் சுற்றிய கட்டுக்குள், வலதுக்குப் போகும் வயர்கள் இரண்டு இருந்தன. மாட்டியவர் பழைய இணைப்பை வெட்டிவிட்டு நிறத்தைப் பார்த்து ஊகத்தில் முறுக்கியதில் அவை இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன. "இது தப்பு" என்று சொல்ல அவை வாயைத் திறந்த நேரத்தில்தான் அவர் டேப்பைச் சுற்றினார். அதற்கப்புறம் அவை சொன்னது வெளியே கேட்கவில்லை.

ஞானசிகாமணி திரையைத் தடவி அமைப்புகளை மாற்றிப் பார்த்தார். 'அரங்கம்' என்பதைப் போட்டார். 'திறந்தவெளி' என்பதைப் போட்டார். பேஸைக் கடைசி வரைக்கும் ஏற்றினார். இடது இன்னும் வேகமாகத் தள்ளியது, வலது இன்னும் வேகமாக இழுத்தது. கதவுப் பையில் கிடந்த தண்ணீர் பாட்டில் கடகடவென்று ஆடியது. அடிக்குரல் மட்டும் வரவில்லை.

மாட்டிய கடைக்கே காரைக் கொண்டுபோனார். கடைக்காரர் திரையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புதுசு நல்லாத்தான் இருக்கு சார். பழைய ஸ்பீக்கர், உள்ள காகிதம் இத்துப்போயிருக்கும். ரெண்டையும் கழட்டி எறிஞ்சிட்டு வேற போட்டுருவோம். அடுத்த மாசம் வாங்க."

கதவுக்குள் இருந்த இரண்டுக்கும் அது கேட்டது. இரண்டும் அன்றிலிருந்து முன்னைவிடக் கடுமையாக உழைத்தன. அதனால் சத்தம் இன்னும் மெலிந்தது.

இதற்கிடையே ஞானசிகாமணிக்கு வேறொரு சந்தேகம் வந்தது. ஸ்டீரியோ புதுசு, கடைக்காரரே நல்லாயிருக்கு என்கிறார். பாடுகிறவர்தான் பாடவில்லையோ?

குழுவில் பேஸ் பாடுகிறவர் ஒருவர்தான். தேவஇரக்கம். மார்க்கெட் பக்கம் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். இருபது வருடமாகக் கடைசி வரிசையில், தூணை ஒட்டி நின்று பாடுகிறவர். பேசும்போது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, பாடினால் பெஞ்சு அதிரும்.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை முடிந்ததும் ஞானசிகாமணி அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. நாலு வாரமாப் பதிவுல உங்க குரலே இல்ல."

"நான் பாடத்தான சார் செய்யுதேன்."

"பாடுத மாதிரி இருக்கு. நானும் பக்கத்துல நிக்கும்போது கேக்க மாதிரிதான் இருக்கு. ஆனா பதிவுல ஒண்ணுமில்லையே. மெசின் பொய் சொல்லாதுல்லா."

தேவஇரக்கம் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். "வயசு அறுபத்தி மூணு ஆகுது. எனக்குத் தெரியாமலே இறங்கியிருக்கும் போல" என்றார்.

"இந்தப் பண்டிகைக்கு மட்டும் ஓய்வு எடுத்துக்கோங்க."

"சரி சார்."

அடுத்த சனிக்கிழமை தூணை ஒட்டிய இடம் காலியாக இருந்தது. மற்றவர்கள் ஏன் என்று கேட்டார்கள். "உடம்புக்கு முடியல போல" என்று சொல்லிவிட்டார் ஞானசிகாமணி.

மறுநாள் ஆராதனை முடிந்து அவரும் மனைவி ஜெபக்கனியும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். பழைய ஒத்திகைப் பதிவு ஒன்று ஓடியது. ஜெபக்கனி காதைப் பொத்திக்கொண்டார்.

"என் பக்கம் கதவு காதுக்குள்ள கீறுது. சத்தத்த எல்லாம் உங்க பக்கம் தள்ளிக்கிடுங்க. நீங்களே கேளுங்க."

சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் புள்ளி ஒன்று திரையில் இருந்தது; ஞானசிகாமணி அதை வலது கதவை நோக்கி நகர்த்தினார். இடது வாய் மூடியது.

வலது தனியாகப் பாடியது. மூன்றாவது வரியில், எல்லாக் குரல்களுக்கும் கீழே, தேவஇரக்கம் வந்தார். பாட்டில் எந்தக் குறையும் இல்லாமல், அந்தப் பழைய, கனத்த குரல்.

ஞானசிகாமணி வண்டியை ஓரம் கட்டினார். புள்ளியை இடப்பக்கம் தள்ளினார். வலது ஓய்ந்து இடது தனியாகப் பாடியது. அதிலும் தேவஇரக்கம் இருந்தார். நடுவில் வைத்தார். தேவஇரக்கத்தைக் காணோம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பாடினா இல்ல. ஒருத்தர் பாடினா இருக்கு" என்றார்.

"அந்த மனுசனை எதுக்கு நிப்பாட்டினிய?" என்று கேட்டார் ஜெபக்கனி.

அவர் வண்டியைக் கிளப்பினார்.

காருக்குள் ஸ்டீரியோ அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. "ஒருவர் வேலை செய்தால் இருவர் வேலை செய்வதைவிட நன்றாக இருக்கிறது. ஆகவே உங்களில் ஒருவர் மிகை. யார் என்பதை நீங்களே முடிவு செய்து சொல்லலாம்."

"நான் போகிறேன்" என்றது வலது. "இழுத்து இழுத்து எனக்கே என்ன செய்கிறேன் என்று புரியவில்லை."

தன்னிடம் வந்த உத்தரவில் இழுப்பதே இல்லையே என்று இடதுக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கேட்க அனுமதி இல்லாததால் கேட்கவில்லை.

மறுநாள் மாலை ஞானசிகாமணி மார்க்கெட்டுக்குப் போனார். தேவஇரக்கம் கடை வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் காருக்குள்ள வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். ஞானசிகாமணி புள்ளியை வலப்பக்கம் தள்ளிப் பாட்டைப் போட்டார். குரல் வந்தது. தேவஇரக்கம் அசையாமல் கேட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"உங்கள நிப்பாட்டினதுக்கு முந்தின வாரம்."

தேவஇரக்கம் கதவைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ நான் பாடியிருக்கேன்" என்றார். "பத்து நாளா வீட்ல கூடப் பாடல சார். வாயத் தொறந்தா சத்தம் வருதான்னு எனக்கே சந்தேகம்."

"நடுவுல வச்சாத்தான் இது காணாமப் போகுது. தப்பு எம்பேர்ல அண்ணாச்சி. வண்டியைக் கேட்டுட்டு மனுசனை முடிவு பண்ணிட்டேன்."

தேவஇரக்கம் ஸ்டீரியோ பக்கம் குனிந்தார். "நடுவுல வச்சா இல்லங்கியளே, வச்சுக் காட்டுங்க" என்றார். வைத்துக் காட்டியதும் தலையை ஆட்டினார். "மோட்டார்ல வயர் மாத்திக் கொடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். தண்ணி ஏறாது. இதுவும் அந்தக் கதைதான்னு நினைக்கேன்."

ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டு கதவுகளின் பலகைகளையும் கழற்றினார். ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் பின்னாலிருந்த பிளக்கைக் கழற்றினார். கடையின் சுவர்க் கடிகாரத்தில் இருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து வந்து இடதுக்குப் போகும் வயர்களில் தொட்டார். இடதின் நடுவில் இருந்த காகிதக் கூம்பு முன்னால் வந்தது. அதே மாதிரி வலதுக்குப் போகும் வயர்களில் தொட்டார். வலதின் கூம்பு பின்னால் போனது.

பலகை இல்லாததால் இரண்டும் அன்றுதான் ஒன்றையொன்று பார்த்தன.

"நீ பின்னால் போகிறாயே" என்றது இடது.

"நீ முன்னால் வருகிறாய்" என்றது வலது. "இத்தனை நாளும் நீ தள்ளிய காற்றைத்தானா நான் இழுத்தேன்?"

"நான் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்."

"நானும் அப்படித்தான் நினைத்து இழுத்தேன்."

தேவஇரக்கம் வயர்களைச் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்தார். இரண்டையும் இடம் மாற்றி முறுக்கினார். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. "ஸ்பீக்கர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மாத்த வேண்டாம்" என்று பலகைகளைப் பூட்டினார்.

ஞானசிகாமணி புள்ளியை நடுவில் வைத்துப் பாட்டைப் போட்டார். அடிக்குரல் தரையிலிருந்து எழும்பியது போல வந்து வண்டியை நிரப்பியது.

"சனிக்கிழமை வருவீங்களா அண்ணாச்சி?"

"நான் வராததுக்கு என்ன காரணம் சொன்னிய?"

"உடம்புக்கு முடியலன்னு."

"அதை மாத்திச் சொல்லிருங்க. எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க, வாரேன்."

ஞானசிகாமணி தலைகுனிந்தபடி சரி என்றார். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தேவஇரக்கம் கடைசி வரிசைக்குப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

காருக்குள் ஸ்டீரியோ தன் இறுதி அறிக்கையை எழுதி முடித்திருந்தது. பதினான்கு அமைப்புகளும் உரிய காலத்தில் பலன் தந்ததாக அதில் இருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடிக்கொண்டிருந்ததால் அதைப் படிக்கவில்லை.