அரமனைச் சோறு திங்காத காத்தாயி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். செங்கழனின்னு ஊர் பேரு. ராசா கெட்டவர் இல்ல, நல்ல மனுசந்தான், ஆனா தனக்குப் பிடிச்சதைச் சொன்னா மட்டுந்தான் காது நல்லாக் கேக்கும். தலையை ஆட்டாம உக்காருடி, சீப்பு சிக்குது. ஆங், அந்த ராசாவுக்கு ஒத்தப் பொண்ணு, பூமயில்னு பேரு, அஞ்சு வயசு. அவ மேல எவ்வளவு உசுரோ அவ்வளவு உசுரு அவருக்குத் தன் அம்மா மேல. அந்தம்மா செத்துப் போனதும், அவங்க பேர்ல ஊருக்கு ஒரு கெணறு வெட்டணும்னு ஆசைப்பட்டு, மந்திரி சிங்காரத்துகிட்ட வேலையைக் குடுத்தாராம்.

கெணறு வெட்டுறவங்க மேட்டுல நல்ல இடமாப் பாத்துச் சொன்னாங்க. மந்திரி யோசிச்சான். அங்க வெட்டுனா ராசா மாடத்துல நின்னு பாக்க முடியாதே, பாக்காட்டி நம்மளை எப்படி மெச்சுவாருன்னு, யானைக் கொட்டடிக்குப் பக்கத்துலயே வெட்டிட்டான். சுத்திலும் பளிங்கு போட்டான், தூண் நிறுத்தினான், தூணுல கிளி செதுக்கினான். ராசாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இனிமே ஊரே எங்கம்மா தண்ணியைத்தான் குடிக்கணும்னு தண்டோராப் போட்டுட்டாரு.

அப்புறம் மழை பேஞ்சுது. மழை விட்டதும் ஊர்ல வாந்தி பேதி. மொதல்ல ஒரு வீடு, அப்புறம் ஒரு தெரு, அப்புறம் தெருத்தெருவா. பச்சப்புள்ளைங்க தொவண்டு தொவண்டு விழுந்துச்சுங்க, சிலது பொழைக்கவே இல்ல. கடைசியில பூமயிலும் படுத்துட்டா.

இப்ப ஒண்ணு சொல்லணும். அந்த அரமனையில ஒரு வழக்கம். ராசாவுக்கு யோசனை சொல்ல யார் வந்தாலும் மொதல்ல இலை போட்டு உக்கார வச்சுச் சாப்பாடு போட்ருவாங்க. நெய்யும் பருப்பும், மூணு பொரியலும், ரெண்டு பாயசமும். தின்னுட்டு எந்திரிச்சவன் என்ன சொல்லுவான்? ராசா மொகத்தைப் பாத்து, அதுக்கு எது இனிக்குமோ அதைத்தான் சொல்லுவான்.

மொதல்ல அரமனை வைத்தியர் வந்தாரு. சாப்பிட்டாரு. ராசா கேட்டாரு, "வைத்தியரே, எதனால வந்துச்சு இந்த நோயி?" வைத்தியருக்குத் தண்ணி மேல சந்தேகந்தான். ஆனா வயித்துல பாயசம் கெடக்கே. "சூட்டு ஒடம்பு ராசா, அம்மா கெணத்துத் தண்ணியை நெறையாக் குடுங்க"ன்னாரு.

அப்புறம் சோசியர் வந்தாரு. சாப்பிட்டாரு. "கிரகம் சரியில்ல ராசா, அம்மா கெணத்துத் தண்ணியை மந்திரிச்சுக் குடுங்க"ன்னாரு.

அப்புறம் மந்திரி. அவன் ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சான். "பக்கத்து நாட்டுக்காரன் கண்ணு பட்டிருச்சு ராசா, அம்மா கெணத்துத் தண்ணியை இன்னும் குடுங்க"ன்னான்.

குடுக்கக் குடுக்கப் பூமயிலு வாடிப் போனா. கண்ணு உள்ள போயிருச்சு, கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கல. ராசா சோறு தண்ணி மறந்து அவ காலடியிலயே கெடந்தாரு.

அந்த ஊருக்குத் துணி வெளுக்கிறவ காத்தாயி. அரமனைத் துணிக்குத் தனி ஆள் உண்டு, ஊர்த் துணி பூராவும் அவதான். சேங்கொட்டை மையில வீட்டுக்கு ஒரு குறி போட்டு வச்சிருப்பா, நூறு துணி கலந்து கெடந்தாலும் எது யார் வீட்டுதுன்னு சொல்லிருவா. வெள்ளாவிக்குப் பிரிக்கையில அவ கண்ணுக்கு ஒண்ணு பட்டுச்சு. ஒரு நாள் பட்டுச்சு, சும்மா இருந்தா. மறுநாளும் பட்டுச்சு, சும்மா இருந்தா. மூணு வாரம் பாத்துட்டு, இனிமே சும்மா இருந்தாப் பாவம்னு அரமனைக்குக் கெளம்பிட்டா.

இலை போட்டாங்க. "சோறு வேணாம். சொல்ல வந்ததைச் சொல்லிக்கிறேன்"னுட்டா. தின்னாம ராசா முன்னால போய் நின்ன மொத ஆளு அவதான்.

"வைத்தியருக்கே தெரியாதது ஒனக்கு என்னம்மா தெரியும்?"னாரு ராசா.

"வைத்தியம் எனக்குத் தெரியாது சாமி. துணி தெரியும். ஊர்ல ஒம்பது தெரு. எட்டுத் தெரு புதுக் கெணத்துல தண்ணி மொள்ளுது, அந்த எட்டுத் தெருத் துணியும் நோய்த் துணியா வருது. கீழத்தெருவுக்குக் கெணறு தூரம். அவங்க பழைய ஏரி ஊத்துலயே மொள்ளுறாங்க. அங்க ஒரு வீட்டுத் துணிகூட நோய்த் துணி இல்ல."

ராசா மொகம் செவந்து போச்சு. "எங்கம்மா தண்ணியையா சொல்ற?"

மந்திரி சட்டுனு நடுவுல வந்தான். "கீழத்தெருக்காரங்க வெயில்ல உழைக்கிறவங்க ராசா. கட்டை ஒடம்பு. அவங்களுக்கு நோய் வராது. இதுல தண்ணி எங்க வந்துச்சு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்"னா காத்தாயி. "அதனாலதான் மூணு வாரம் வாயைத் தொறக்கல. ஆனா கெணத்துக்கு எதுத்தாப்புல, நோய்த் தெருவுக்கு நடுவுல, ஒரு வீட்டுத் துணி மட்டும் சுத்தமா வருது. வெயில்ல உழைக்கிற ஒடம்பு இல்ல. மாடி வீடு, எண்ணெயும் நெய்யுமாத் திங்கிற ஒடம்பு."

"யாரு வீடு?"

"நம்ம மந்திரி வீடு, சாமி."

ராசா மெதுவாக் கேட்டாரு, "அது எப்படி?"

"எனக்குத் தெரியாது. நான் பாத்ததைத்தான் சொல்லுவேன், பாக்காததைச் சொல்ல மாட்டேன். ஆள் விட்டுப் பாருங்க. அந்தக் கெணத்தை எட்டு நாளைக்கு மூடிப் பாருங்க. எட்டு நாள்ல துணி மாறலேன்னா நான் பொய்க்காரி, என்னை ஊரை விட்டு அனுப்பிருங்க."

கேட்டுக்கோ, அவளுக்கும் வீடு வாசல் உண்டு, பேரன் பேத்தி உண்டு. அதையெல்லாம் வச்சுக்கிட்டுத்தான் அப்படிச் சொன்னா.

ராசா ஆள் விட்டாரு. மந்திரி வீட்டு அடுக்களையில ஆறு பானை நெறைய ஏரி ஊத்துத் தண்ணி. மாட்டு வண்டியில மூடிக் கொண்டு வந்து எறக்குறானாம். விசாரிச்சா, மழை பேஞ்ச மறுநாளே கெணத்துக்குள்ள எறங்கின வேலைக்காரன் மந்திரிகிட்டச் சொல்லியிருக்கான், கொட்டடிக் கழிவும், அங்க இருக்கிற ஆளுங்க கழிவும் கசிஞ்சு எறங்குதுன்னு. மந்திரி அந்த ஆளு வாயை அடைச்சுட்டு, தன் வீட்டுக்கு மட்டும் வண்டி கட்டிக்கிட்டான். ஊருக்கு அந்தத் தண்ணி, அவனுக்கு இந்தத் தண்ணி. நெஞ்சுல ஈரம் இருக்கிறவன் செய்யிற வேலையா இது?

வைத்தியரு அழுதுட்டாரு. "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு ராசா, ஒங்க மொகத்தைப் பாத்து முழுங்கிட்டேன்"னாரு. அன்னைக்கே ஊத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தி, அரிசிக் கஞ்சியில உப்புப் போட்டு, சங்கு சங்காப் பூமயிலுக்குப் புகட்டினாரு. மொத நாள் வாந்தி நின்னுச்சு. ரெண்டாம் நாள் கண்ணு தொறந்தா. மூணாம் நாள் எந்திரிச்சு உக்காந்து முறுக்கு கேட்டா. ராசா அம்மா பேரு வெட்டின கல்லைத் தன் கையாலயே கழட்டி, கெணத்து வாயைப் பலகை போட்டு மூடினாரு. மனசு வலிச்சுது, ஆனாலும் செஞ்சாரு. எட்டாம் நாள் எட்டுத் தெருத் துணியும் வெறும் அழுக்குத் துணியா வந்துச்சு.

மந்திரியைப் பாத்து ராசா சொன்னாரு, "இனிமே ஊர்த் துணியெல்லாம் நீதான் வெளுக்கணும்." காத்தாயிக்குக் கோவம் வந்துருச்சு. "எங்க வேலையைத் தண்டனையாக் குடுக்காதீங்க சாமி. அது மானமாச் செய்யிற வேலை"ன்னா. ராசா வெக்கப்பட்டுப் போயி, மாத்திச் சொன்னாரு. கொட்டடிக் கழிவை ஊருக்கு வெளியே கொண்டு போற வாய்க்காலை மந்திரி தன் கையால வெட்டணும். வெட்டி முடிச்சதும், புள்ளையைப் பறிகுடுத்த வீடு ஒவ்வொண்ணுக்கும் ஊத்துத் தண்ணியைத் தோள்ல சொமந்து கொண்டு போய் ஊத்தணும், அவன் உசுரு இருக்கிற வரைக்கும். கதவைத் தொறக்கிற தாய் மொகத்தைத் தெனம் பாக்கணும்ல, அதான் தண்டனை.

காத்தாயிக்கு அரமனையில வீடு, பட்டு, மூணு வேளை சாப்பாடு எல்லாம் தரேன்னாரு. "வேணாம் சாமி, இங்க தின்னு பழகிட்டா எனக்கும் வாய் ஒட்டிக்கும்"னா. "எனக்கு நல்லது செய்யணும்னா, ஊர்ல நோய் வந்தா ஒங்க கை பாத்து நிக்காத ஆளாக் கூப்பிட்டுக் கேளுங்க. அவங்க சொன்னதை ஒளிக்காம ஊருக்கும் சொல்லுங்க." ராசா எந்திரிச்சு, சபை நடுவுல, அவளைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "எம் பொண்ணைக் குடுத்திருக்க ஆத்தா"ன்னாரு.

அவ்வளவுதான் கதை. யாருக்கும் வளையாம உள்ளதை உள்ளபடி சொல்றவங்க இருந்தா ஊர்ப் புள்ளைங்க பொழைக்கும், இதை மனசுல வச்சுக்கோ. ஒங்கம்மா கைக்கொழந்தையா இருக்கையில, நம்ம தெருக் குழாய்த் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுச் சோதிச்சுப் பாத்துட்டு, யார் யாரோ அதட்டியும் கேக்காம, இதைக் குடிக்காதீங்கன்னு வீடு வீடா வந்து சொன்னா ஒரு பொண்ணு. கண்ணாடி போட்டிருந்தா. பேருகூட நான் கேட்டு வச்சுக்கல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவ சொன்னதாலதான் ஒங்கம்மா பொழைச்சா, நீ இப்ப எம் மடியில உக்காந்திருக்க. திரும்புடி, பின்னி விடுறேன்.