எளிமையின் உச்சம், மூன்றாம் எண் கூடாரம்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து நான்கு.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. வயதில் மூத்தவர் ஞானத்தில் மூத்தவரின் காலில் விழ வேண்டுமா, அல்லது இவர் அவர் காலில் விழ வேண்டுமா என்பதற்குத் தேடினால் இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கும். முதல் ஓராண்டு இருவருமே ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருமுறை தலைகள் மோதிக்கொண்டன. அதன் பிறகு சீடர் மட்டும் குனிவது என்று முடிவாயிற்று.

குருவின் பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, ஒரு பாய், ஒரு மின்விசிறி. சீடரின் பெயர் சபாநடேசன். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் தலைமைப் பொறியாளராக முப்பத்தாறு ஆண்டுகள் ஏராளமானவர்களை மேலே ஏற்றியவர். இப்போது தானும் ஏற விரும்பினார்.

"சாமி, எனக்கு எப்போ காவி?"

"பார்க்கலாம் ஐயா."

இந்த உரையாடல் மூன்று ஆண்டுகளாக நடந்து வந்தது. ஒருநாள் சபாநடேசன் முடிவோடு வந்தார்.

"பாலைவனத்துக்குப் போவோம் சாமி. ரெண்டு ராத்திரி அங்க இருந்து காட்டறேன். மூணாம் நாள் காலையில சொல்லுங்க. உண்டு, இல்லைன்னு."

"பாலைவனம் எதுக்கு?"

"பெரிய துறவிங்க எல்லாரும் பாலைவனத்துலதான் இருந்திருக்காங்க."

தமிழ்த் துறவிக்கு இது கொஞ்சம் சிரமம். நம் பழைய இலக்கணக்காரர்கள் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. மற்ற நிலங்கள் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்று சிக்கனமாக முடித்துவிட்டார்கள். முறையான பாலைவனம் வேண்டுமென்றால் ஜெய்சல்மேருக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சபாநடேசனே கம்ப்யூட்டரில் தேடினார். 'எளிமையின் உச்சம்' என்று ஓர் இடம் அகப்பட்டது. படத்தில் ஒரு மணல்மேடு, ஒரு கூடாரம், நிறைய வானம். மூன்றாம் எண் கூடாரத்தைப் பதிவு செய்தார். வாடகையைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். எளிமை இந்தக் காலத்தில் அரிய பொருள், அதனால் இந்த விலை என்று தேற்றிக்கொண்டார்.

புறப்படுவதற்கு முன் மூன்று செட் காவி தைத்து வாங்கினார். ஒன்றில் போன் வைக்கப் பை இருந்தது. வரும் இருபதாம் தேதி துறவு ஏற்பு விழா, மதியம் விருந்து என்று இருநூறு பேருக்கு அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. குரு தமக்கு வந்த அழைப்பிதழைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"நல்ல தாள்," என்றார்.

சீடரின் மனைவி விசாலாட்சி ஒன்றே ஒன்று கேட்டார். "துறந்த பிறகு மதியம் சாப்பிட வருவீங்களா? உலை வைக்கிறதுக்காகக் கேக்கறேன்."

"மூணாம் நாள் சொல்றேன்."

முகாமின் மேலாளர் பிலோமினா தூத்துக்குடிக்காரர். தமிழ் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜீப்பிலிருந்து இருவரும் இறங்கிய உடனே பேச ஆரம்பித்தவர் கூடார வாசல் வரை நிறுத்தவில்லை.

கூடாரத்துக்குள் சரவிளக்கு இருந்தது. ஏசி இருந்தது. பித்தளையில் குளியல் தொட்டி இருந்தது. கட்டிலில், துண்டுகளை முறுக்கிச் செய்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. மேஜைமேல் தலையணைப் பட்டியல் ஒன்று. பன்னிரண்டு வகை.

சபாநடேசன் கை கூப்பினார். "சாமி, மன்னிக்கணும். ஏமாந்துட்டேன். இதுல எளிமை எங்க இருக்கு?"

குரு பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். "இலவம்பஞ்சுகூட வச்சிருக்காங்க."

பிறகு தொட்டியில் இறங்கினார். ஒன்றேகால் மணி நேரம் சத்தமே இல்லை. சீடர் கவலைப்பட்டுத் தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நின்று இருமினார்.

"தண்ணி நல்லாயிருக்கு," என்றது உள்ளிருந்து குரல்.

சபாநடேசன் அப்போதே தீர்மானித்தார். இது சோதனை. குரு சுகத்தில் இருந்து காட்டுகிறார், நான் மயங்குகிறேனா என்று பார்க்கிறார். நேராக பிலோமினாவிடம் போனார்.

"நான் வெளியில மணல்லதான் படுப்பேன். விரிப்பு வேண்டாம், போர்வை வேண்டாம்."

"வேண்டாம் சார். குளிரும்."

"நான் துறவியாகப் போறவன்மா."

"அப்ப ஒரு ஃபாரம் இருக்கு. கையெழுத்துப் போடணும்."

"துறவுக்கா?"

"பாம்புக்கு."

கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு விஷயத்தையும் அப்போதே முடித்தார். முகாமில் ராத்திரிக்கு இருபத்தேழு பதார்த்தம். அவருக்கு அவை வேண்டாம். சாம்பலில் சுட்ட கம்பு ரொட்டி, நெய் தடவாமல், வேளைக்கு ஒன்று போதும்.

"எங்க சமையல்காரருக்கு அதெல்லாம் தெரியாதே சார்."

"அவ்வளவு சாதாரணச் சாப்பாடும்மா அது."

பிலோமினா ஜீப் சாவியைத் தேடப் போனார்.

மறுநாள் காலை சீடர் காதில் மணலோடும் முகத்தில் ஒளியோடும் வந்தார். குரு காலைச் சாப்பாட்டில் இருந்தார். பிலோமினா தன் கையால் தோசை ஊற்றிக் கொடுத்திருந்தார்.

"சாமி, மூணு அனுபவம்."

"சொல்லுங்க."

"முதல்ல குளிர் நடுக்குச்சு. ஜபம் பண்ணிக்கிட்டே கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்துல உடம்பு முழுக்கக் கதகதன்னு ஒரு சூடு. எழுந்திருக்கற வரைக்கும் குளிரே தெரியல."

"ம்."

"ரெண்டாவது, நடுவுல ஒருதரம் கண்ணைத் திறந்தேன். இருபதடி தூரத்துல ஒரு வெளிச்சம். சிவப்பா, நெல்லிக்காய் அளவு. பிரகாசமாகும், மங்கும். மூச்சு விடற மாதிரி."

"ம்."

"மூணாவதுதான் முக்கியம்." சீடர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து அந்த மேடு முழுக்க நடந்தேன் சாமி. காலையில பார்க்கறேன், என் காலடித் தடம் ஒண்ணுகூட இல்ல. தோள்ல ஒரு கொசு உக்கார்ந்தா கனம் தெரியும், அப்படி லேசாயிட்டேன்."

குரு முன்னால் சாய்ந்து சீடரின் சட்டைத் தோள்பட்டையை முகர்ந்து பார்த்தார்.

"என்ன வாசனை சாமி?"

"சட்னி தீர்ந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் கேக்கணும்," என்றார் குரு.

அன்று பகலில் சபாநடேசன் வெறுங்காலோடு மணலில் நடந்தார். கம்பு ரொட்டி இருவேளையும் சரியாக வந்தது. உலகத்தில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் உணவை விட்டுவிட்டு மனிதர்கள் இருபத்தேழு பதார்த்தத்துக்கு அலைகிறார்களே என்று குருவிடம் வருந்தினார். இரவு மறுபடியும் வெளியே படுத்தார்.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவர்மேல் ஒரு முரட்டுக் கம்பளி கிடந்தது. குருவின் அருள் என்று எண்ணிக்கொண்டார். அருளில் ஒட்டக வாடை அடித்தது. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காவிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கூடாரத்துக்குள் போனார்.

கட்டிலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரே தூக்கம். பாதங்கள் மட்டும் பட்டுப் போர்வைக்கு வெளியே தெரிந்தன. கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளும் சபாநடேசன் அவற்றை இதுவரை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. குதிகால் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு. எத்தனை தவம் நடந்த கால் என்று நினைத்தார். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, அந்தப் பாதங்களில் கண்களை ஒற்றிக்கொண்டார்.

"சாமி, மூணாம் நாள். எனக்குக் காவி உண்டா?"

பாதங்கள் வெடுக்கென்று உள்ளே போயின. போர்வையின் மறு முனையில் நரைத்த மீசையும் கலைந்த முண்டாசும் எழுந்தன.

"க்யா ஹுவா, சாப்?" என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டது மீசை.

சபாநடேசன் பின்னால் நகர்ந்து குளியல் தொட்டியில் முட்டிக்கொண்டார். அந்தச் சமயம் தேநீர்த் தட்டோடு வந்த பிலோமினா கிசுகிசுத்தார்.

"மூலாராமை எழுப்பிட்டீங்களா? பாவம் சார். ரெண்டு ராத்திரியா உங்களால தூங்கல."

"என்னாலயா? எனக்கு இவர் யாருன்னே தெரியாதே."

"வெளியில ஒரு விருந்தாளி படுத்தா பக்கத்துல ஒரு ஆள் விடிய விடிய முழிச்சிருக்கணும். பாம்பு, நரி எல்லாம் வருமே. ஃபாரத்துல போட்டிருக்கு."

"இல்லையேம்மா. படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்."

"பின்பக்கம், சார்."

சபாநடேசன் மெல்லக் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இருபதடி தூரத்துல ஒரு வெளிச்சம் வந்ததும்மா."

"பீடி. நானும் விடச் சொல்லித்தான் பார்க்கறேன்."

"குளிரே தெரியலையே."

"அவர் கம்பளி. நீங்க முழிக்கறதுக்குள்ள எடுத்துடுவார். பார்த்தா சாருக்கு வருத்தமாயிடும்னு. இன்னிக்கு எடுக்கறதுக்குள்ள உங்க சாமி அவரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இங்க படுக்க வச்சுட்டார்."

"அந்தக் கம்பு ரொட்டி?"

"அவர் வீட்ல சுட்டது. பதினெட்டு கிலோமீட்டர் சார். ஜீப் போய்ப் போய் வந்துச்சு."

மூலாராம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் புரியாததால், கௌரவமான முடிவாக, மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தார். சபாநடேசன் கக்கத்திலிருந்த கம்பளியைக் கால்மாட்டில் வைத்தார்.

மூன்றாவது அனுபவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கூடாரத்தின் வாசல் வழியே அது நடந்துகொண்டிருப்பது தெரிந்தது.

வெளியே குரு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணல்மேட்டில் இருந்தார். கையில் நீண்ட கழி. அதன் முனையில் குறுக்காக அடித்த பலகை. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருவார்களே, அதே மாதிரிப் பலகை. முந்தின நாள் விழுந்த தடங்களையெல்லாம் விருந்தாளிகள் எழுவதற்குள் அழிப்பது இந்த முகாமின் வழக்கம். அப்போதுதான் படம் எடுக்க மேடு புதிதாக இருக்கும். அது மூலாராமின் தினசரி வேலை.

பாதி மேடு முடிந்திருந்தது. மீதிப் பாதியில் வெறுங்காலின் தடங்கள், பெரும்பாலும் ஒரே அளவு. சபாநடேசன் அவற்றை அடையாளம் கண்டுகொண்டார்.

"சாமி."

"வாங்க ஐயா. தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினேன்." அதைச் சொன்னபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னிக்குச் சொல்லணும்னு கேட்டிருந்தேன்."

"என்னது?"

"காவி."

"மேடு முடியட்டும். எட்டு மணிக்குப் படம் எடுக்க வந்துடுவாங்க. எனக்குத் தோள் வலிக்குது."

சபாநடேசன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை வாங்கினார். உச்சிவரை ஏறி, பலகையை முன்னால் தள்ளிக்கொண்டு பத்தடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். முன்னால் இருந்த தடம் போய், பின்னால் புதுத் தடம் பத்து.

"தள்ளாதீங்க," என்றார் குரு கீழேயிருந்து. "பின்னால நடங்க. இழுத்துக்கிட்டே வாங்க."

லிஃப்ட் பொறியாளருக்குப் பின்னோக்கி நடந்து பழக்கமில்லை. இரண்டு முறை உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தையும் இழுத்து அழிக்க வேண்டியிருந்தது. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வியர்வையோடு அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஐந்தாம் எண் கூடாரத்திலிருந்து ஒரு மும்பைத் தம்பதி காமிராவோடு வந்தார்கள். அந்தப் பெண் மேட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். இந்த இடத்தில் இதுவரை ஒரு மனிதர்கூடக் கால் வைத்ததில்லை என்று ஆங்கிலத்தில் கணவனிடம் சொன்னாள்.

சபாநடேசன் வாயைத் திறந்தார்.

குரு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபாநடேசன் வாயை மூடிக்கொண்டார். தம்பதி அடிவாரத்தில் நின்று நாற்பது படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

போன் அடித்தது. விசாலாட்சி.

"காய்கறிக்கு இன்னிக்குச் சொல்லியாகணும். விழா உண்டா, இல்லையா? துறந்தாச்சா?"

சபாநடேசன் குருவைப் பார்த்தார். குரு உதவுவதாகத் தெரியவில்லை. கீழே கிடந்த காவிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"விழா இல்ல. சாப்பாடு உண்டு," என்றார். "நான் பரிமாறறேன்."

"நீங்களா? நம்ம வீட்ல அப்பளம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"நீ உக்காரு. நான் தேடிக்கறேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் விசாலாட்சி.

போனை வைத்த சபாநடேசனுக்கு உடம்பெல்லாம் காற்றாக இருந்தது. முந்தின நாள் பொய்யாக வந்த லேசு இப்போது உண்மையாகவே வந்துவிட்டது போல் பட்டது. இதைக் குரு கவனித்திருப்பார் என்று நம்பினார். இதைவிடப் பொருத்தமான நேரம் இனி வராது.

"சாமி," என்றார். "இப்ப?"

குரு புருவத்துக்கு மேல் கை வைத்து மேட்டை அண்ணாந்து பார்த்தார்.

"உச்சியில ஒரு தடம் விட்டுட்டீங்க ஐயா."

சபாநடேசனும் பார்த்தார். இருந்தது. இடது கால்.

"அதை அழிக்க ஏறினா இன்னும் நாற்பது விழுமே, சாமி."

"விழும்," என்றார் குரு. "பலகையை எடுத்துட்டு ஏறுங்க."