தலைவர் ரசித்த தோடி

சங்கீத சபா தலைவர் அரங்கநாதன், கச்சேரி தொடங்கியதுமே முன்வரிசையில் குறட்டை விடுவார் என்பது ஊரறிந்த விஷயம். கேட்டால், கண்ணை மூடி ரசித்தேன் என்பார். ஊர் வாயை அடைக்க, பாட்டுக்கும் படத்துக்கும் பேர்போன புதுப் போன் ஒன்றை வாங்கி வந்து டிரைவர் சங்கிலியைக் கூப்பிட்டார்.

"இதுல நான் தோடி கேக்கறப்போ என்னை ஒரு படம் எடு. தூங்கறாப்ல தெரிஞ்சுது, நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

இயர்போனை மாட்டிக்கொண்டு சாய்ந்தவர், ஆலாபனை முடியும் முன்பே தூங்கிப்போனார். சங்கிலி அவர் வாயை மெல்ல மூடி, கையைத் தாளம் போடுவதுபோலத் தொடைமேல் வைத்துப் படம் எடுத்தான்.

ஆண்டு விழாவில் அந்தப் படம் திரையில் பெரிதாக விழுந்தது. "தோடியில அப்படியே கரைஞ்சுட்டேன்," என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். பாட வந்திருந்த அம்மாள் மட்டும் திரையை உற்றுப் பார்த்தார்.

"இயர்போன் வயரோட முனை உங்க வயித்து மேல கிடக்கே. எதுல கேட்டீங்க?"

தலைவர் சங்கிலியை முறைத்தார்.

"பாட்டும் படமும் ஒரே போனுங்கய்யா," என்றான் சங்கிலி. "வயரைப் பிடுங்கினாத்தானே எட்டி நின்னு எடுக்க முடியும்? பிடுங்கினப்போ ஐயா ஒண்ணும் சொல்லலீங்களே."