காலி என்றால் எவ்வளவு காலி

“மேடம், எண்பது மிஷினும் செத்துப்போச்சு,” என்றார் பரஞ்ஜோதி.

பஸ் டிப்போவின் பின்பக்கம், டிக்கெட் மிஷின் பழுது பார்க்கும் அறை. பரஞ்ஜோதிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் செல்வராணிக்கு முப்பத்தொன்று. டிப்போவே அவரைக் ‘குருவம்மா’ என்று கூப்பிடும். கூப்பிட்டவரை அவர் முறைப்பார்.

“எப்படிச் செத்தது?”

“மெமரி சிப்புல அழிச்சுக் காலியாக்கின பக்கம் முழுக்க ஒண்ணுங்கிற எண்ணாவேதானே இருக்கணும்? இதுல அங்கங்க ஒரு சைபர், ரெண்டு சைபர். என் புரோகிராம் அதைப் பார்த்ததும், ‘யாரோ எழுதியிருக்காங்க’ன்னு படிக்கப் போகுது. தலையும் புரியல, வாலும் புரியல. ‘மெமரி பழுது’ன்னு சொல்லிட்டு நின்னுடுது.”

“அந்த சைபரை யார் எழுதினது?”

“யாரும் எழுதல. சிப்பு பழசு. தானாப் புரண்டிருக்கு.”

மறுநாள் தேர். அறுபது ஸ்பெஷல் பஸ். நாலு மணிக்குள் சரியாகாவிட்டால் மிஷின்களைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

செல்வராணி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

“அந்தப் பஸ் காலியான்னு பார்த்துட்டு வாங்க.”

பரஞ்ஜோதி போய் ஏறி, இறங்கி, வந்தார்.

“காலி.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒத்தச் செருப்பு ஒண்ணு கிடக்குது. கொஞ்சம் கடலைத் தோல்.”

“அப்போ காலி இல்லை.”

“செருப்பு என்ன மேடம், டிக்கெட்டா எடுக்கப் போகுது?”

சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து ஓடினார்.

கால் மணி நேரத்தில் ஒரு மிஷின் உயிர்த்துக் கீச்சென்றது. பரஞ்ஜோதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“எத்தனை சைபர் வரைக்கும் காலின்னு விட்டிருக்கீங்க?”

“தாராளமா நூறு!”

செல்வராணி பெருமூச்சு விட்டார்.

“வெளியே மூணாவதா நிக்குற பஸ்ஸையும் பார்த்துட்டு வாங்க. காலியா இருந்தா கொஞ்சம் உட்கார்ந்துட்டே வாங்க.”

இந்தத் தடவை அவர் வர நேரமானது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

“ஆளே இல்ல மேடம். சீட்டுக்குச் சீட்டு துண்டு, கர்ச்சீப்பு, கூடை. அவ்வளவுதான். ஜன்னலோரம் ஒரு கர்ச்சீப்பை நகர்த்திட்டு உட்கார்ந்தேன். எங்கிருந்துதான் வந்தாங்களோ, நாலு பொம்பளைங்க!”

“என்ன சொன்னாங்க?”

“அதை உங்ககிட்ட சொல்ல முடியாது.”

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மணி மூன்றரை.

“நூறுன்னு விட்டா, கண்டக்டர் போட்ட டிக்கெட்டுல அம்பது சைபர் இருந்தாலும் காலின்னு நினைச்சு அது மேலயே எழுதிடும். ஒண்ணுகூடக் கூடாதுன்னா மிஷினே செத்துடும். எத்தனைதான் மேடம் வைக்கிறது?”

“எழுதின பக்கத்தைப் படிக்கிறப்போ பிழை வந்தா?”

“அதுக்கென்ன, புரோகிராமே திருத்திப் படிச்சுக்கும்.”

“எத்தனை பிழை வரைக்கும் பொறுத்துக்கும்?”

“நாலு.”

“எழுதாத பக்கத்துக்கு?”

பரஞ்ஜோதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நூறை அழித்தார். நாலு என்று அடித்தார்.